பூங்காவனத்தின் பால் குண்டான்

ஏரிமேட்டுக் குடியிருப்பின் நான்காம் அடுக்ககத்தை இடிக்க வந்த அன்று காலை, எண்பத்து நான்கு குடும்பங்களும் பாயையும் பாத்திரத்தையும் பீரோவையும் சுமந்துகொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது மாடியில் பூங்காவனம் மட்டும் மூட்டை கட்டிய அடுப்பை மறுபடி அவிழ்த்து வைத்து, புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் காய்ச்ச வேண்டிய பாலைக் காலி செய்துவிட்டுப் போகிற வீட்டில் காய்ச்ச ஆரம்பித்தாள். உலகத்தில் யாரும் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள், மீதிப் பேர் அவள் வாங்கிய பால் பாக்கெட்டைச் சந்தேகப்படுகிறார்கள். எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்து, அந்த எண்பத்து நான்கு குடும்பங்களின் ரேஷன் கார்டையும் ஆதாரையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் வருஷக்கணக்காக நகல் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

"குடி போற வூட்லதான்மே பால் காய்ச்சுவாங்க," என்றான் அவள் புருஷன் தனகோட்டி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கேரம் போட்டியில் ஜெயித்த ஒரு சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். "வுட்டுட்டுப் போற வூட்ல காய்ச்சி இன்னா பண்ணப் போறே?"

"இந்த வூட்டுக்கு நாம காய்ச்சவே இல்லியேய்யா," என்றாள் பூங்காவனம்.

அது உண்மைதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கால்வாய் பெருகி அவர்கள் குடிசையை அடித்துக்கொண்டு போன மழையில், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்களை அதிகாரிகள் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள். பால் இல்லை, அடுப்பு இல்லை, நனையாத தீக்குச்சி ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டில்தான் அவர்கள் மகள் நிரோஷா பிறந்தாள், நடை பழகினாள், நர்சிங் படிக்கப் போனாள். அத்தனையும் கொடுத்த வீடு ஒரு தடவைகூடப் பால் பொங்கிப் பார்க்காமல் இடிபடப் போகிறதே என்று பூங்காவனத்துக்கு மனசு ஆறவில்லை.

ஒரு லிட்டர் பாலை அலுமினியக் குண்டானில் ஊற்றிப் பெரிய தீயில் வைத்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று, பால் அசையவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள், பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. கீழே இடிக்கும் இயந்திரத்தை ஓட்ட வந்தவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர். விஷயத்தைக் கேள்விப்பட்டு இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார், அடுப்பில் பால் இருக்கிற வீட்டில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து சிலிண்டர்தான் தீர்ந்தது. பூங்காவனம் குண்டானைத் தட்டால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள், தனகோட்டி கடிகாரம் தொங்கிய ஆணியைக் குறடால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், இருவரும் படியிறங்கினார்கள்.

எல்லோரையும் அடுத்த தெருவில் இருந்த சமுதாயக் கூடத்தில் கொண்டு போய் இறக்கினார்கள். கல்யாணமும் காதுகுத்தும் நடக்கிற கூடம். புடவைகளைக் குறுக்கே கட்டிக் குடும்பத்துக்கு எட்டடி என்று பிரித்துக்கொண்டார்கள். புது அடுக்ககம் எழும்ப மூன்று வருஷம் ஆகும், அதுவரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள அரசு குடும்பத்துக்கு ஒரு பச்சைச் சீட்டு கொடுத்தது. கொடுத்தவர் மறுகுடியமர்வு அலுவலகத்தின் கள அலுவலர் ஞானசம்பந்தம், ஐம்பது வயசு, எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். கல்யாண மேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் விளக்கினார்: வாடகையில் பெரும் பங்கை அரசே வீட்டுக்காரருக்கு நேராக அனுப்பிவிடும், மிச்சத்தை நீங்கள் கொடுத்தால் போதும், வீட்டைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை, வீட்டுக்காரர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், தொண்ணூறாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து விழாத சீட்டு செல்லாது, அந்தச் சீட்டுக்காரரின் பெயர் புது வீட்டுப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்படும்.

"அப்போ அவுங்க எங்க சார் போவாங்க?" என்று கேட்டாள் செங்கேணி. பூங்காவனத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மீன் விற்கிறவள், யாரையும் கேட்டுவிடுவாள்.

"அது வேற ஆபீஸும்மா," என்றார் ஞானசம்பந்தம். வருத்தமாகத்தான் சொன்னார்.

பச்சைச் சீட்டோடு நம் ஊரில் வீடு தேடியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும், மணி அடித்தால் கதவு ஒரு சாண் திறக்கும், எத்தனை பேர், என்ன வேலை, கறி மீன் சமைப்பீர்களா, நீங்கள் என்ன ஆளுங்க, இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று வரிசையாகக் கேள்வி வரும், ஏரிமேடு என்ற பெயர் வாயிலிருந்து விழுந்ததும் நேற்றுதான் வேறு ஆளுக்குப் பேசி முடித்தாயிற்று என்பார்கள், பலகை மட்டும் இன்னும் இரண்டு மாசம் அங்கேயே தொங்கும். பெயரைத் தாண்டியவர்களைச் சீட்டு மடக்கியது. அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்தா, நாளைக்கே வரிக்காரன் வந்து நிற்பான், பத்து மாச அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்து இரு என்றார்கள். எல்லாம் சரிப்பட்டு வந்த ஒன்றிரண்டு இடத்திலும் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதைக் கேட்கும்போதெல்லாம் தனகோட்டியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அவனுடைய கடிகாரம் கூடத்தில் துணி மூட்டை மேல் மல்லாந்து கிடந்து, விட்டத்துக்கு மணி காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அந்தப் பால் கெடவில்லை. ஒன்பது நாள் ஆகியும் திரியவில்லை, புளிக்கவில்லை, ஏடு கட்டவில்லை. கூடத்தில் பூனைத் தொல்லை இருந்ததால், பூங்காவனம் வீடு தேடப் போகும்போது குண்டானையும் இடுப்பிலேயே எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பதாம் நாள் கண்ணாடிக்காரத் தெருவில், வனஜா டீச்சர் வீட்டு வாசலில், செருப்பு வார் அறுந்துவிட்டதென்று குண்டானைக் கூட வந்த செங்கேணியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். செங்கேணி கைக்குப் போனதும் பால் முனகியது, ஓரத்தில் நுரை கட்டியது, தட்டைத் தள்ளிக்கொண்டு மேலே எழும்பியது, தீயும் இல்லாமல் புகையும் இல்லாமல் பொங்கி, டீச்சர் காலையில் போட்ட கோலத்தின் மேல் ஒரு கையளவு வழிந்து அடங்கியது.

ஓய்வு பெற்ற டீச்சர், அரை நிமிஷத்துக்கு முன்னால்தான் வீடு காலியில்லை என்று சொல்லியிருந்தாள். இப்போது கோலத்தைப் பார்த்தாள், குண்டானைப் பார்த்தாள், செங்கேணியின் மீன் கூடையையும் பார்த்தாள். வாசலில் பொங்கின பாலைத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து, மகன் வெளிநாடு போனதிலிருந்து பதினொரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறந்துவிட்டாள்.

"மீன் வாடை படிக்கட்டோட நிக்கணும்," என்றாள்.

"நிக்கச் சொல்றேன் டீச்சர்," என்றாள் செங்கேணி.

மறுநாள் காலையில் கூடத்தில் பூங்காவனத்தின் புடவைத் தடுப்புக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பால் ஏன் பொங்கியது என்று யாரும் கேட்கவில்லை, தங்களுக்கு எப்போது பொங்கும் என்றுதான் கேட்டார்கள், அதற்கு டோக்கன் போட வேண்டியிருந்தது, டோக்கனை நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு குடும்பம். சீட்டுக்காரர் குண்டானைக் கையில் ஏந்தி முன்னால் நடப்பார், பூங்காவனம் பின்னால் போவாள், ஊர் அவளுக்குப் பின்னால் போகும். உப்புக்கிடங்குத் தெருவில் ஒரு காய்கறிக்காரர் வீட்டில் பொங்கியது. மாவு மில்லுக்கு மேலே பொங்கியது. இருபது வருஷமாகத் தனியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு ரிட்டையர்ட் தாசில்தார் வீட்டு முன்னறையில் பொங்கி, அங்கே குடி போன குடும்பத்தின் நான்கு குழந்தைகளிடம் அவர் இப்போது பேசித் தீர்க்கிறார்.

நம் ஊர் எதையும் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளும். தரகர் கோதண்டம் முதல் வாரம் என் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்களே என்று கூடத்து வாசலில் வந்து கத்தினார், இரண்டாம் வாரம் குண்டானுக்கு முன்னால் நடந்து எந்தத் தெருவில் திரும்பலாம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார், மூன்றாம் வாரம் தன் பலகையில் 'பால் பார்த்து வீடு அமைத்துத் தரப்படும்' என்று எழுதிவிட்டார். வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சிலர் வாசலில் எலுமிச்சை கட்டினார்கள். சிலர் காலி அறைகளில் விளக்கைப் போட்டு, டி.வி.யை ஓடவிட்டு, கொடியில் நாலு சட்டையைக் காயப்போட்டு வைத்தார்கள். பெரிய அடுக்ககம் ஒன்றின் சங்கத்தார் 'விற்பனையாளர்கள், நாய்கள், பால் குண்டான் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை' என்று கேட்டில் எழுதிப் போட, அங்கே தினமும் பாக்கெட் போடுகிறவர் தன் பால் சாதாரணப் பால்தான் என்று காவலாளியிடம் ஒரு வாரம் நிரூபிக்க வேண்டியிருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை உண்டு. அதில் பழைய மெஷின் சாமான் கிடக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி, நானும் நம்பியிருந்தேன். குண்டான் என் தெருவுக்கு வந்த அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஊதுபத்தி விற்கிற ஜான்பாஷாவும் அவர் மனைவியும் குண்டானோடு கடையைக் கடந்து போனார்கள், போனவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் திரும்பினார்கள். "ஜெராக்ஸ் அண்ணே, பொங்குது," என்றார் ஜான்பாஷா, மன்னிப்புக் கேட்கிற குரலில். "மேல மெஷின் சாமான் கீது பாய்," என்றேன். பால் ஷட்டருக்கு அடியில் வழிந்து வந்து ஒரு கட்டு ஏ4 தாளை நனைத்தது. கையெழுத்துப் போட்டேன். ஷட்டரை இறக்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பால் எதைப் பார்த்துப் பொங்குகிறது என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டவள் நிரோஷா ஒருத்திதான். நர்சிங் மாணவி, எதையும் அளந்து பார்க்கிற பெண். பொங்கும்போது தெர்மாமீட்டர் வைத்தாள், இருபத்தெட்டு டிகிரிதான் காட்டியது. காலிக் கிடங்குகளுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தாள், பொங்கவில்லை. விலைக்கு நிற்கிற புது ஃபிளாட்டுகளுக்கு முன்னால் நிறுத்தினாள், அதுவும் இல்லை. ஆனால் இரண்டே அறையில் பதினோரு பேர் இருக்கிற ஒரு தையல்காரர் வீட்டில் பொங்கித் தொலைத்தது. அந்த வீட்டம்மா இடுப்பில் கைவைத்து யோசித்துவிட்டு, "சரி, பசங்க மொட்டை மாடில படுத்துக்கட்டும், ஷீட்டு போட்டுக்கலாம்," என்றாள். நிரோஷா நோட்டுப் புத்தகத்தில் 'காலி இடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பிறகு எதற்குத்தான் சம்பந்தம் என்று அடுத்த பக்கத்தில் எழுத நினைத்தாள், அந்தப் பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அரசாங்கமும் பழகிக்கொண்டது. வீடு கண்டறிந்த முறை என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: தரகர், விளம்பரம், உறவினர், இதர. ஞானசம்பந்தம் முதலில் 'இதர' என்று எழுதினார், முப்பது படிவத்திலும் 'இதர' வந்ததும் மேலிடம் விளக்கம் கேட்டது, விளக்கம் போனதும் புதுப் படிவத்தில் 'பால்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. வக்கீல் தோட்டத் தெருவில் ஒரு பெரிய மனுஷர் வீட்டில் பொங்கியபோது, வீடு அறக்கட்டளை பேரில் இருக்கிறது, என்னைக் கேட்காதே, அறக்கட்டளையைக் கேள் என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். அதற்காகவே ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் மூன்றாம் பிரிவை நான் இருநூறு பிரதி எடுத்திருக்கிறேன், மனப்பாடமாகச் சொல்வேன்: 'பால் பொங்கும் இடம், அதன் உரிமையாளர் எவராயினும், வாடகைக்கு உகந்த இடமாகக் கருதப்படும், உரிமையாளரோ அவர்தம் பிரதிநிதியோ சீட்டில் ஒப்பமிட வேண்டும்.'

இப்படி நாள் போயிற்று. சொந்தக்காரர் வீட்டோடு போனவர்கள் சிலர், தாங்களே தேடிப் பிடித்தவர்கள் சிலர், மற்ற அத்தனை பேருக்கும் பால் வழி காட்டியது. கூடத்தில் புடவைத் தடுப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பூங்காவனத்துக்கு மட்டும் பொங்கவில்லை.

அவள் கைக்கு வந்ததும் பால் படுத்துவிடும். செங்கேணிக்குப் பொங்கிய வாசலிலேயே நின்று பார்த்தாள், தனகோட்டி கையில் கொடுத்துப் பார்த்தாள், நிரோஷா கையில் கொடுத்துப் பார்த்தாள், மூன்று பேரும் ஆளுக்கு ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தும் பார்த்தார்கள். தன்னைத் தவிர வேறு யாருக்காவது இப்படிச் செய்கிறதா என்று அவளுக்குக் கோபம் வந்தது. பால் இல்லாமலும் தேடினாள், பழைய பதிலே கிடைத்தது. கூடவே ஒரு புதுப் பதிலும் வந்தது: "ஊருக்கெல்லாம் வூடு காட்டுனவளாச்சே நீ, ஒனக்கு இன்னும் அமையலன்னா ஒங்கிட்ட ஏதோ கோளாறு இருக்குதும்மா." அதைச் சொன்ன வீட்டுக்காரம்மா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்றைக்குப் பூங்காவனம் கூடத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அழுதாள்.

"கேரம் போர்டுல ஸ்டிரைக்கர் மத்தக் காயையெல்லாம் குழில தள்ளும்மே," என்றான் தனகோட்டி, அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்து. "அதே உள்ள போச்சின்னா ஃபவுலு."

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கையளவு வழிந்து வழிந்து, ஒரு லிட்டர் பால் இப்போது குண்டானின் அடியில் இரண்டு தம்ளருக்குத்தான் இருந்தது.

ஒரு நாள் சீட்டு சரிபார்க்க வந்த ஞானசம்பந்தம், மூட்டை மேல் கிடந்த கடிகாரத்தைப் பார்த்து, இதை ஏன் மாட்டவில்லை என்று கேட்டார். தனகோட்டி சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்துக் காட்டினான். ஞானசம்பந்தம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் பத்தொம்போது வருஷமா வாடகை வீடுதான். ஏழு வீடு மாறியாச்சு. ஒரு வீட்லயும் ஆணி அடிக்க விட்டதில்ல," என்றார். "எங்க கல்யாண போட்டோ இன்னும் பீரோ மேல சாத்தி வெச்சாப்லதான் இருக்கு." சொல்லிவிட்டு ஆணியைத் திருப்பிக் கொடுத்தார்.

தொண்ணூறாம் நாள் விடிந்தபோது கூடத்தில் அந்த ஒரு குடும்பம்தான் இருந்தது. அடுப்பைப் பெரிய கூடத்திலிருந்து மணமகள் அறைக்கு மாற்றியிருந்தார்கள், அங்கே மட்டும்தான் மின்விசிறி சுற்றியது. பூங்காவனம் காலையில் குண்டானோடு கிளம்பி, போகாத தெரு எல்லாம் போனாள். செங்கேணி மீன் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூடப் போனாள், கோதண்டம் காசு கேட்காமல் போனார். கண்ணாடிக்காரத் தெருவில் வனஜா டீச்சர் கேட்டருகிலேயே நின்று, "எங்க வீட்லயே இன்னொரு தரம் பாரேன்மா," என்றாள், பார்த்தார்கள், பால் அசையவில்லை. மூன்றரை மணிக்குப் பூங்காவனம் அவர்களோடு கூடத்துக்குத் திரும்பி, மணமகள் அறையின் வாசல்படியில் உட்கார்ந்தாள். தனகோட்டி மூட்டைகளைக் கட்டி முடித்திருந்தான்.

நாலே காலுக்கு ஞானசம்பந்தம் வந்தார். கணக்கை முடித்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவுப் படிவத்தின் நகல்களோடும் ஸ்டாம்ப் பேடோடும் என்னையும் வரச் சொல்லியிருந்தார், அதனால்தான் மீதியைக் கண்ணால் பார்த்தவனாகச் சொல்கிறேன். வெயிலில் நடந்து வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீட்டைக் கையில் வாங்கி, ரத்து முத்திரையைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்தாரே தவிர, மையில் ஒற்றவில்லை. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

பூங்காவனம் எழுந்தாள். மூட்டையை அவிழ்த்து மறுபடி அடுப்பை எடுத்தாள்.

"இன்னாமே பண்றே?" என்றான் தனகோட்டி.

"வெயில்ல வந்துகீறாருய்யா. ரெண்டு டீ போட்டுக் குடுக்கிறேன்."

"அந்தப் பால்லயா?"

"வேற பாலு எங்க கீது?"

"வேணாம்மா," என்றார் ஞானசம்பந்தம், நிஜமாகவே பதறிப்போய். "நான் இப்ப செய்யப் போற வேலைக்கு டீ வேறயா?"

"ஒங்க வேலைய நீங்க பாருங்க சார்," என்றாள் பூங்காவனம். "வூட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்ப மாட்டேன் நானு."

தீக்குச்சியைக் கிழித்தாள், குண்டானை ஏற்றினாள், டீத்தூள் டப்பாவைத் தேடத் திரும்பினாள். முதல் நாள் பெரிய தீக்கும், அதற்கப்புறம் அவள் கைக்கும் மசியாத பால், அவள் முதுகுக்குப் பின்னால் முனகியது. நிரோஷாதான் முதலில் பார்த்தாள். நுரை கட்டி, விளிம்பு வரைக்கும் வந்து ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு தம்ளர் பால் இருந்த பாத்திரத்திலிருந்து இரண்டு லிட்டர் இருந்ததுபோலப் பொங்கி, அடுப்பை அணைத்து, மணமகள் அறையின் தரையில் ஓடி, வாசல்படி தாண்டி, ஞானசம்பந்தத்தின் செருப்பு வரைக்கும் வந்து நின்றது. இந்த முறை பால் சுட்டது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

செங்கேணி இப்போதும் சொல்கிறாள், பூங்காவனம் அந்தக் கூடத்தை வீடு என்று வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை, அதற்காகத்தான் பால் காத்திருந்தது என்று. கோதண்டம் அப்படியில்லை, டீக்காக வைத்ததால்தான் என்கிறார். எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது ஞானசம்பந்தத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரத்து முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றறிக்கையை எடுத்து, மூன்றாம் பிரிவை உதடு அசையப் படித்தார். உரிமையாளர் எவராயினும். கூடம் அரசாங்கத்தினுடையது. உரிமையாளரோ அவர்தம் பிரதிநிதியோ. அரசாங்கத்தின் ஆள் என்று அந்த இடத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. அரசு வாடகையை அரசே அரசுக்கு அனுப்புமா என்று கேட்டுக்கொண்டார், அனுப்பினால் என்ன என்று பதிலும் சொல்லிக்கொண்டார். அது இன்றைக்கும் மாசாமாசம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கூடத்தில் கல்யாணம் நடக்கிற நாளில் மணப்பெண்கள் பூங்காவனத்திடம் அனுமதி கேட்டு அவள் வீட்டில் வந்து தலை பின்னிக்கொள்கிறார்கள், அவள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறாள். அதெல்லாம் பிறகு.

அன்று நாலு ஐம்பதுக்கு, முகவரி என்ற இடத்தில் 'மணமகள் அறை, சமுதாயக் கூடம், ஏரிமேடு' என்று எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்து என்ற இடத்தில் ஞானசம்பந்தம் தன் முழுப் பெயரையும் மெதுவாக எழுதினார். அலுவலக முத்திரைக்கு நான் மை ஒற்றிக் கொடுத்தேன். பூங்காவனம் சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி பாக்கியிருந்தது: வீட்டுக்காரரின் நிபந்தனைகள். அவர் பேனாவை அதன் மேல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னா கண்டிசன் சார்?" என்று கேட்டாள் பூங்காவனம், முந்தானையை எடுக்காமலே.

தனகோட்டியின் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. ஞானசம்பந்தம் அதைப் பார்த்தார். எழுந்து போய், மணமகள் அறையின் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், விரலை மடக்கி இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"ஆணி அடிச்சுக்கங்க," என்றார். "எத்தனை வேணும்னாலும்."

பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "மொத ஆணிய நான் அடிக்கட்டுமா?" என்றார்.

தனகோட்டி ஆணியை எடுத்து அவர் கையில் கொடுத்தான். சுத்தியல் இல்லை. பூங்காவனம் மூட்டையிலிருந்து இஞ்சி தட்டும் கல்லை எடுத்துக் கழுவி, துடைத்து, நீட்டினாள்.